கொல்லைப்புறத்து விருந்தாளிகள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வரும் அணிலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அணில், கீரி, குரங்கு, பாம்பு, கிளி என்று ஆளுக்கொரு விருந்தாளி வைத்திருக்கிறீர்கள்! எல்லாருக்கும் பதில் எழுத இடம் போதாது, அதனால் பலரும் கேட்டிருந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, எங்கள் சமையலறை ஜன்னலுக்குத் தினமும் ஒரு அணில் வருகிறது. வேர்க்கடலை வைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. என் கையிலிருந்து அது வாங்கித் தின்ன வேண்டும் என்று ரொம்ப ஆசை. எப்படிப் பழக்குவது? (ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி)

அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஆனாலும் கையை நீட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்களைப் பார்த்து அது பயப்படாமல் இருப்பது வேறு, மனுஷர்கள் யாரைப் பார்த்தாலும் பயப்படாமல் போவது வேறு. உங்கள் கைக்குப் பழகிய அணில் தெருவில் போகிற பையனின் கையையும் நம்பும், அந்தக் கையில் கல் இருந்தாலும் நம்பும். தரையில் நிதானமாக உட்கார்ந்து தின்னப் பழகிவிட்டால் பூனைக்கும் அது சுலபமான இரை. அதன் பயம்தான் அதைக் காப்பாற்றுகிறது, அதை முழுசாக நாம் எடுத்துவிடக் கூடாது.

பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய் உட்காருங்கள், முதலில் நன்றாகத் தள்ளி, ஒரு இருபதடி தூரத்தில். அதையே உற்றுப் பார்க்காதீர்கள், உற்றுப் பார்க்கிற கண் என்றால் அதற்குப் பிடிக்க வருகிற கண் என்றுதான் அர்த்தம். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், கை வேலையில் இருக்கும், பார்வை ஓரமாக அங்கே இருக்கும். முதல் வாரம் முழுக்க அது முருங்கை மரத்தை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாவது வாரம் துவைக்கிற கல் வரைக்கும் வந்தது. இப்போது என்னிடமிருந்து ஆறடியில் உட்கார்ந்து தின்கிறது, அதற்கு மேல் நானும் நெருங்கவில்லை, அதுவும் நெருங்கவில்லை. இடது காது கொஞ்சம் கிழிந்திருப்பதால் மற்ற அணில்களிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. இப்படி ஏதாவது ஒரு அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் 'அணில் வந்தது' என்பது போய் 'அவள் வந்தாள்' என்று ஆகிவிடும்.

உப்பு போடாத கடலை ஐந்தாறு போதும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட் வேண்டாம். பழம், விதை, பூவின் தேன், புழு பூச்சி என்று அதற்கு வெளியே நிறைய இருக்கிறது, நாம் போடுவது அதன் சாப்பாடாக ஆகிவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் வைக்காமலே உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அந்த நாட்கள்தான் அதிகம் கற்றுக்கொடுத்தன. வாலைச் சுண்டிச் சுண்டி, விடாமல் ஒரே குரலில் கீச்சிடுகிறதே, அது பெரும்பாலும் எச்சரிக்கை. அப்போது அணிலைப் பார்க்காதீர்கள், அது பார்க்கிற பக்கம் பாருங்கள், மதில் மேல் பூனை இருக்கும், இல்லையென்றால் தென்னையில் வல்லூறு உட்கார்ந்திருக்கும். மிதியடியிலிருந்து தேங்காய்நாரைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டு ஓடினால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம், கொஞ்ச நாளைக்கு மரத்தை வெட்டுகிற வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம். ராமர் தடவியதால் வந்தது என்று நாம் சொல்லும் மூன்று கோடு நம் பக்கத்து அணிலுக்குத்தான். வடக்கே பரவலாக இருக்கும் வகைக்கு ஐந்து கோடு. அடுத்த தடவை வடக்கே போகும்போது எண்ணிப் பாருங்கள்.

கண் திறக்காத அணில் குட்டி ஒன்று மரத்தடியில் கிடந்தது. பசும்பால் கொடுக்கலாமா? நாம் தொட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே? (விருத்தாசலம்)

பசும்பால் கூடாது, வயிற்றுப்போக்கு வந்து ஒரே நாளில் போய்விடும். முதலில் சூடு வேண்டும். ஒரு பழைய துணியில் சுற்றி உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். உடம்பில் காயம் இல்லையென்றால், சின்னக் கூடையிலோ கொட்டாங்கச்சியிலோ துணியோடு வைத்து, எறும்பு ஏறாத மாதிரி அதே மரத்தில் கட்டிவிட்டு, நீங்கள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். தாய் வந்து வாயால் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விடும். மனுஷ வாசனை பட்டால் சேர்க்காது என்பது உண்மையில்லை. நாம் அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பதால்தான் அது வருவதில்லை. இருட்டும் வரைக்கும் வரவில்லை என்றால் உள்ளே கொண்டுவந்து சூடாக வைத்திருந்து, காலையில் மறுபடி வைத்துப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் விறகு அடுக்குக்குக் கீழே கீரி குடும்பம் ஒன்று இருக்கிறது. மாமியார் நல்ல சகுனம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்குஞ்சு போகிறது என்று மருந்து வைக்கப் போவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? (புதுக்கோட்டை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு படபடத்தது. தயவுசெய்து இன்றைக்கே அவரிடம் போய்ப் பேசுங்கள். கீரி சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, விஷம் வைத்துக் கொல்வது குற்றம். சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதை விட கோழிக்கூண்டைச் சரிசெய்து கொடுப்பது நல்லது. கீரி பகலில் நடமாடுகிற பிராணி, அதனால் குஞ்சுகளைத் திறந்து விடுகிற நேரத்தில்தான் ஆபத்து. குஞ்சுகள் கொஞ்சம் பெரிதாகும் வரை கம்பி வலை போட்ட இடத்தில் விட்டால் போதும், வலையின் அடிப்பக்கத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், ஏனென்றால் கீரி தோண்டும். கோழி ஒன்றிரண்டு போவது நஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கீரி தின்கிற எலி எத்தனை என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

பாம்பு விஷம் கீரியை ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஏதோ பச்சிலையைத் தின்றுவிட்டு வந்து சண்டை போடும் என்று சின்ன வயசில் எனக்கும் சொன்னார்கள். விஷயம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. நாகப்பாம்பின் விஷம், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச் சேருகிற இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவிடும், அதனால்தான் மூச்சு நிற்கிறது. கீரிக்கு அந்த இடத்தின் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது, விஷம் அங்கே சரியாக ஒட்ட முடிவதில்லை. அதற்காக எவ்வளவு கடி வாங்கினாலும் தாங்கும் என்று இல்லை. அதன் வேகமும், முடியைச் சிலிர்த்துக்கொண்டு உடம்பைப் பெரிதாகக் காட்டுகிற வித்தையும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகிறது.

படம் வரைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பிரஷ் செய்வதற்காகவே கீரிகளைக் கொல்கிறார்கள், முடிக்காக. 'கீரி முடி பிரஷ்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், நைலான் பிரஷிலேயே நன்றாக வரையலாம்.

குழந்தைகள் இருக்கிற வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். விறகு அடுக்குப் பக்கம் அவர்களை விடாதீர்கள். கீரி கடித்தாலும் வெறிநோய் வர வாய்ப்பு உண்டு. நாயோ குரங்கோ கீரியோ எது கடித்தாலும், கீறினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

பாவம் என்று ஒரு குட்டிக்குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தேன். இப்போது இருபது குரங்குகள் வருகின்றன, கதவைத் திறந்தால் உள்ளேயே வந்துவிடுகின்றன. (தென்காசி)

நீங்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தீர்கள், ஆனால் இனிமேல் ஒரு பழம்கூடக் கொடுக்கக் கூடாது. நீங்கள் மட்டும் நிறுத்தினாலும் போதாது, தெருவே நிறுத்த வேண்டும். ஒரு வீட்டில் கிடைத்தாலும் அவை திரும்பத் திரும்ப வரும். சில வாரம் கஷ்டமாக இருக்கும், முன்பைவிட அதிகமாக அடாவடி செய்யும், அதைப் பொறுத்துக்கொண்டால்தான் விடும். குப்பைத் தொட்டிக்கு மூடி, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்கு வலை. கையில் பிளாஸ்டிக் கவரோடு வெளியே போகாதீர்கள், அதற்குள் தின்பண்டம் இருக்கும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

எதிரே வந்துவிட்டால் கண்ணுக்கு நேராகப் பார்க்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், பல்லைக் காட்டினால் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளலாம். ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

பார்ப்பதற்கு அவை எவ்வளவு சுவாரசியமானவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் குல்லாய் வைத்த மாதிரி முடி இருக்கிற இந்தக் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. கிடைத்ததைக் கன்னத்துக்குள் இருக்கிற பையில் அடைத்துக்கொண்டு, பெரிய குரங்கு இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி அழுத்தி வெளியே எடுத்துத் தின்னும். ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்து பாருங்கள்.

குருவிகளுக்காக முற்றத்தில் அரிசி போட ஆரம்பித்ததிலிருந்து சாரைப்பாம்பு வருகிறது. பால் வைத்தால் சாந்தமாகப் போய்விடும் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

பாம்பு பால் குடிக்காது. அது வருவது எலிக்காக, எலி வருவது உங்கள் அரிசிக்காக. ராத்திரி சிந்திக் கிடக்கிற தானியம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். காலையில் ஒரு கைப்பிடி போடுங்கள், பத்து மணிக்கு மேல் மிச்சம் இருந்தால் கூட்டி எடுத்துவிடுங்கள். எலி குறைந்தால் சாரையும் தானே வேறு இடம் பார்த்துக்கொள்ளும். எலி மருந்து வைக்காதீர்கள், மருந்து தின்ற எலியைப் பிடிக்கிற ஆந்தையும் செத்துப்போகும்.

சாரைக்கு விஷம் இல்லை. ஆனால் வந்திருப்பது சாரைதானா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலும் நம் ஊரில் வீட்டுப்பக்கம் வரக்கூடியவை. சந்தேகம் இருந்தால் தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள், 101. நீங்களே பிடிக்க வேண்டாம். பாம்பு பிடிப்பது தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள், அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அந்த இருளர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மரத்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்த்தோம். இப்போது பேசுகிறது. சட்டப்படி தப்பு என்கிறார்கள், நிஜமா அக்கா? (ஈரோட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

நிஜம்தான் தம்பி. நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீ காப்பாற்றத்தான் எடுத்தாய், அதில் தப்பில்லை. ஆனால் கூண்டைத் திறந்து சட்டென்று பறக்கவும் விட்டுவிடாதே, இரை தேடத் தெரியாமல், பருந்துக்குத் தப்பத் தெரியாமல் வளர்ந்திருக்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்தில் போய் ஒப்படைத்துவிடு. அன்றைக்கு அழுகை வரும். அழுதுவிட்டு மொட்டைமாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வை, ஆழம் குறைவாக, நடுவில் ஒரு கல் போட்டு. தினமும் கழுவி மாற்றினால் கொசு வராது. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கிற ஒருவர் மாடியில் ஊறவைத்த அரிசி வைத்து ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தது, ஒன்றைக்கூட அவர் கூண்டில் அடைத்ததில்லை.

எங்களுக்குக் கொல்லையே கிடையாது. மூன்றாவது மாடியில் ஒரு பால்கனி, எதிரே வேப்பமரம். நான் என்ன பார்ப்பது? (மதுரை)

வேப்பமரம் இருக்கிறதே, அப்புறம் என்ன! மா. கிருஷ்ணன் என்று ஒரு இயற்கையாளர் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார், மயிலாப்பூர் வீட்டைச் சுற்றி வந்த காக்கை, அணில், ஓணானைப் பற்றியும் யானைக்குக் கொடுத்த அதே மரியாதையோடு எழுதினார்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, என்ன வந்தது, என்ன செய்தது, நாலு வரி. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, 'மூக்கு மஞ்சள், வால் தூக்கிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதுங்கள், பெயர் பிறகு தானே கிடைக்கும். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015 முதல் நடத்துகிறார்கள், நாலு நாள், ஒரு இடத்தில் 15 நிமிஷம் இருந்து பார்த்ததை எண்ணி அனுப்பினால் போதும், பால்கனியிலிருந்தே செய்யலாம்.

கூட்டமாக வந்து கீழே சருகைக் கிளறுகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, சாம்பல் நிறப் பறவைகள், அவை தவிட்டுக்குருவிகளாக இருக்கும். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் அந்த வெளுத்த தலைக்காரர்கள் இருக்கிறார்கள். கூட்டில் குஞ்சு பொரித்தால் பெற்றோர் மட்டுமல்ல, கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தக் கூட்டில்தான் சுடலைக்குயில் திருட்டுத்தனமாக முட்டை வைத்துவிட்டுப் போகும், இரண்டு முட்டையும் ஒரே நீலம், தவிட்டுக்குருவிக்குத் தெரியாது. கூட்டைத் தொடாமல், பால்கனியிலிருந்தே, கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை ஏதாவது அந்த வேப்பமரத்தைச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தேதியோடு எனக்கு எழுதுங்கள்.