ஒரே ஒரு ஓநாய் வந்தால் போதுமா? – கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு கூட்டங்களுக்கு இடையே விலங்குகள் இடம்பெயர்ந்தால் மரபணு வேறுபாடு கூடுமா, குறையுமா?

கூட்டங்களுக்கு இடையே குறையும். ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயும் பெரும்பாலும் கூடும். ஒரு மரபணு வடிவம் முதல் கூட்டத்தில் 80 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறைதோறும் பத்தில் ஒரு பங்கு இடம் மாறினால், அடுத்த தலைமுறையில் 74, 26. அதற்கடுத்து ஏறத்தாழ 69, 31. ஆனால் வந்து சேர்ந்தால் மட்டும் கணக்கில் வராது, வந்த இடத்தில் குட்டி போட வேண்டும்.

கேள்வி: கூட்டங்கள் மரபணுவில் வெகுவாக விலகிப்போகாமல் இருக்கத் தலைமுறைக்கு ஒன்று வந்தால் போதும் என்கிறார்களே, பெரிய கூட்டத்தில் ஒன்று எம்மாத்திரம்?

நல்ல சந்தேகம். பெரிய கூட்டத்தில் ஒன்றின் பங்கு சொற்பம்தான். ஆனால் அங்கே தற்செயலாக மரபணுக்கள் விலகிப்போவதும் அதே அளவுக்கு மெதுவாகத்தான் நடக்கும். சிறிய கூட்டத்தில் இரண்டுமே வேகம். அதனால் கூட்டத்தின் அளவு கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. மரபியலாளர் சீவல் ரைட் 1931இல் காட்டிய வழி இது. தலைமுறைக்கு ஒன்று வந்தால் அவருடைய வேறுபாட்டுக் குறியீடு சுமார் 0.2இல் நிற்கும். வேறுபாடே இல்லையென்றால் 0, முழுப் பிரிவு என்றால் 1.

ஸ்காண்டினேவியாவில் 1980களில் ஒரே ஜோடியிலிருந்து பெருகிய ஓநாய்க் கூட்டம் பத்தைத் தாண்டாமல் தேங்கிக் கிடந்தது. 1991 வாக்கில் கிழக்கிலிருந்து ஒரு ஆண் ஓநாய் வந்து இனப்பெருக்கம் செய்தது. அப்புறம்தான் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது.

கேள்வி: அப்படியானால் அடிக்கடி கலக்கும் கூட்டங்கள் வேறுபட்டே இருக்க முடியாதா?

முடியும். வட அமெரிக்காவின் ஈரி ஏரித் தீவுகளின் வெளிறிய பாறைக் கரைகளில் பட்டையில்லாத நீர்ப்பாம்புகள் அதிகம். பெருநிலப்பரப்பில் பட்டை போட்டவை. அங்கிருந்து பாம்புகள் தீவுக்கு வந்தபடியேதான் இருக்கின்றன. பட்டை உள்ளவை பாறையில் எடுப்பாகத் தெரிந்து இரையாகிவிடுவதால் வேறுபாடு நிலைக்கிறது. ஆனாலும் வரவு நிற்காததால் பட்டை முழுக்க மறைவதில்லை.

கேள்வி: அழியும் இனத்துக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் துணை கொண்டுவரலாமா?

கூடாது. 1995இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்த பூமாக்களுக்கு (ஒரு வகைப் பெரிய காட்டுப்பூனை) டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்கள் கொண்டுவரப்பட்டன. வளைந்த வால், இதயக் குறை எல்லாம் குறைந்து, கூட்டம் பெருகியது. அந்த இரண்டு கூட்டங்களும் முன்பு ஒன்றோடொன்று கலந்தவைதான். மத்திய ஐரோப்பாவின் டாட்ரா மலையில் இருந்த ஐபெக்ஸ் எனும் காட்டு மலையாடுகளுக்கோ துருக்கியிலிருந்தும் எகிப்தின் சினாயிலிருந்தும் துணை கொண்டுவந்தார்கள். கலப்பினம் சீக்கிரமே இணைசேர்ந்து, கொடும் குளிரில் குட்டி போட்டது. குட்டிகள் பிழைக்கவில்லை, கூட்டமே அழிந்தது. எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் தட்பவெப்பம் ஒத்துப்போகிறதா, பழைய தொடர்பு உண்டா என்று பாருங்கள்.