நீல அலுமாரி தேக்காகுமா?

கேள்வி: அம்மம்மாவின் அல்பீசியாப் பலகை அலுமாரிக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறது. தேக்கு மாதிரி ரேகை போட ஆசை. கடையில் வாங்கிய ரப்பர் உருளையை அட்டையில் இழுத்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி விழுகிறது. இது ஏமாற்று வேலை என்கிறார் அண்ணன். செய்யலாமா ஐயா?
- வாசகி, கொட்டகலை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் மகள். இது ஏமாற்று இல்லை, படித்துச் செய்கிற தொழில். இங்கிலாந்தின் போல்டன் ஊரில் தொழில் பழகிய தாமஸ் கெர்ஷோ என்ற பெயின்டர் 1855இல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வேலைக்குத்தான் பரிசு வாங்கினார். அண்ணனிடம் சொல்லுங்கள்.

உருளையை ஆட்டி இழுத்தால் கோபுரம் கோபுரமாக ரேகை விழும். உண்மையான தேக்கில் எல்லாப் பலகையிலும் கோபுரம் இருக்காது. கதவுக்கு ஒரு இடம் போதும், மற்றதெல்லாம் சீப்பு வேலை. பழைய ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் பல் பல்லாக வெட்டினால் சீப்பு தயார். பற்கள் ஒரே அகலமாக இருக்கக் கூடாது.

நீலத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, அண்டர்கோட் பூசி, அதன் மேல் பிஸ்கட் நிற எண்ணெய்ப் பெயின்ட் அடியுங்கள். தேக்கில் ஆக வெளிறிய ரேகை எதுவோ, அதுதான் அடி நிறம். உங்கள் பக்கத்து மிஸ்டுக்கு ஒரு இரவு போதாது, இரண்டு நாள் விடுங்கள். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் பதிந்தால் இன்னும் காயவில்லை. பிறகு வார்னிஷும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து, கொஞ்சம் அம்பர் (umber) என்ற மண்கபில நிறம் சேர்த்து மெல்லிசாகப் பூசி, ஈரத்திலேயே சீப்பை இழுங்கள்.

முதலில் நடுப்பலகை, அடுத்து குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுஞ்சட்டம். நான் தொழில் பழகிய காலத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பங்களாக் கதவில் குறுக்குச் சட்டத்துக்கும் மேலிருந்து கீழாக ரேகை இழுத்துவிட்டேன். தச்சு பாஸ் வாசலில் நின்றபடியே, "மரத்தை இப்படி அறுக்க மாட்டாங்க தம்பி" என்றார். முழுவதையும் துடைத்தேன். அவர் கொடுத்த தேக்குத் துண்டை மூன்று நாள் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி சீப்பைத் தொட்டேன். நீங்களும் ஒரு துண்டை அலுமாரி மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் லயன் வீட்டுக் கற்சுவரில் பளிங்கு மாதிரி செய்யலாமா? மழைக்காலத்தில் பெயின்ட் உரிகிறது.
- வாசகர், நானுஓயா

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். உட்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரே ஈரத்தை வெளியே தள்ளுகிறது. எண்ணெய்ப் பெயின்ட் அந்த ஈரத்தை அடைக்கும், அப்புறம் கொப்பளித்து உரியும். முதலில் பின்பக்கக் கானைத் துப்புரவாக்குங்கள்.

ஈரம் குறைந்ததும் சுண்ணாம்பு அடித்து, காவி கலந்த இன்னொரு சுண்ணாம்பைச் சாக்குத் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஈரத்தில் கடும் நிறமாகத் தெரிந்து பயமுறுத்தும், காய்ந்தால் நன்றாக வெளிறிவிடும். சுவர் மூச்சு விடும், மேகம் படிந்த மாதிரி அழகும் வரும். பளிங்கை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

கேள்வி: டீ மேசையில் பளிங்கு நரம்பு வரைந்தேன், வலை மாதிரி இருக்கிறது.
- வாசகி, பண்டாரவளை

பதில்: நரம்புகளை ஒன்றையொன்று வெட்டிப் போக விட்டிருப்பீர்கள். பளிங்கில் நரம்பு சாய்வாக ஓடும், பிரியும், போய்ச் சேரும். கோழி இறகின் நுனியைச் சாம்பல் நிறத்தில் தொட்டு, விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இழுங்கள். ஈரம் காயுமுன் உலர்ந்த பிரஷால் ஒரு பக்கத்தை மட்டும் மெதுவாகக் கலையுங்கள்.