ஓனர் மேல கேஸ் அப்புறம், முதல்ல உங்க பெர்மிட் முடியற தேதியப் பாருங்க

கனடா ஸ்காபரோவுல இருந்து ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்கார். திருச்சி பக்கத்துக்காரர். அங்க ஒரு ஏஜென்ட் கையில 18 லட்சம் குடுத்து, ஃபுட் சர்வீஸ் சூப்பர்வைசர்னு எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்க ஓனருக்கு அரசாங்கம் தர்ற அனுமதி, வாங்கி ஒரு ரெஸ்டாரன்டுக்கு வந்திருக்கார். வந்த நாள்ல இருந்து கிச்சன்ல பாத்திரம் கழுவுறதும் வெங்காயம் உரிக்கிறதும்தான் வேலை, வாரத்துக்கு 65 மணி நேரம். பே ஸ்டப்ல, அதாவது சம்பளச் சீட்டுல, ரெண்டு வாரத்துக்கு 80 மணி நேரம்னு ஒழுங்கா இருக்கு, பேங்க்லயும் பணம் விழுது, ஆனா விழுந்த மறுவாரமே 600 டாலர ஏடிஎம்ல எடுத்து ஓனர் கையில திருப்பிக் குடுக்கணும். வேலை பெர்மிட் முடிய இன்னும் ஏழு வாரம். புதுப்பிக்கணும்னா இன்னொரு 10 ஆயிரம் டாலர் கேக்கறார் ஓனர். கோயில்ல பழக்கமான ஒரு அண்ணன் "நீ அங்க கெடந்து சாகாதப்பா, நாளைக்கே என் கேட்டரிங்குக்கு வா, கேஷா தரேன், பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்"னு கூப்பிடறார். போலாமா, குடுத்த பணத்த எப்படி வாங்கறது, ஓனர உள்ள தள்ள முடியுமா, இதுதான் கேள்வி.

ஓனர் உங்க சாதி சனம்னு நம்பி வந்தது, எல்லார் முன்னாடியும் கேவலமா பேசினது, அம்மா ஆபரேஷனுக்குக் கூட லீவு தராதது எல்லாத்தையும் படிச்சேன். கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதுல சட்டத்துக்கு இன்னிக்கு வேண்டியது ஒன்னே ஒன்னுதான், உங்க பெர்மிட் இன்னும் செல்லுபடியா இருக்கு. ஏழு வாரம் கழிச்சு இதே கதைய நீங்க சொன்னா நான் செய்யக்கூடியது ரொம்ப கம்மி. மத்ததெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

2019 ஜூன்ல இருந்து கனடாவுல ஒரு வழி இருக்கு. ஒரே ஓனர் பேர்ல க்ளோஸ்ட் பெர்மிட்ல இருக்கறவங்க அங்க துன்புறுத்தப்பட்டா, எந்த ஓனர்கிட்டயும் வேலை பாக்க விடற ஓபன் வொர்க் பெர்மிட் கேக்கலாம். துன்புறுத்தல்னா அடிக்கிறது மட்டும் இல்ல, பணத்த ஏமாத்திப் பிடுங்கறதும் மிரட்டறதும் அதுல வருது, உங்க 600 டாலர் கதை நேரா அதுக்குள்ள விழுது. விண்ணப்பக் கட்டணம் கிடையாது, கனடாவுக்குள்ள இருந்துதான் போடணும், வழக்கமா ஒரு வருஷத்துக்குத் தருவாங்க. கோர்ட்ல மாதிரி அணு அணுவா நிரூபிக்க வேண்டாம், நம்புறதுக்கு நியாயமான காரணம் இருந்தா போதும். ஆனா பெர்மிட் உயிரோட இருக்கணும், இல்லன்னா முடியறதுக்கு முன்னாடியே புதுப்பிக்கப் போட்டு அந்த முடிவுக்குக் காத்திருக்கணும். அந்தக் கதவு மூடிட்டா அப்புறம் அதிகாரி இரக்கப்பட்டுத் தற்காலிக அனுமதி குடுத்தாத்தான் உண்டு. விண்ணப்பம் எப்படிப் போடறதுன்னு இங்க எழுதல, அத உங்க லாயரோ லீகல் கிளினிக்கோ பாத்துக்குவாங்க.

"வேலைய விட்டா விசாவ கேன்சல் பண்ணிடுவேன்"னு ஓனர் சொல்றது பொய். அவரால எதையும் கேன்சல் பண்ண முடியாது. நீங்க வேலைய விட்டாலும் பெர்மிட் தேதி வரைக்கும் சட்டப்படி இங்க இருக்கலாம், இன்னொரு எடத்துல வேலை மட்டும் பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்ப அந்தக் கோயில் அண்ணனப் பத்தி. உங்க லெட்டர்ல என்னை பயமுறுத்தினது ஓனர் இல்ல, இவர்தான். நல்ல மனுஷன்னு எனக்கு சந்தேகமே இல்ல, நாடு விட்டு வந்தவனுக்கு ஒரு வாய் சோறும் ஒரு வேலையும் குடுக்கணும்ங்கற மனசு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கறதாலதான் ஸ்காபரோ ஸ்காபரோவா இருக்கு. ஆனா என் மேசைக்கு வர்ற கேஸ்கள்ல கெட்ட ஓனரால கெட்டத விட நல்ல அண்ணனால கெட்டது அதிகம். ஓனர் கிட்ட அடிபட்டவன் சட்டத்து முன்னாடி பாதிக்கப்பட்டவன். அந்த அண்ணன் கிட்ட ஒரு நாள் கேஷுக்கு வேலை பாத்தவன் அனுமதி இல்லாம வேலை பாத்தவன். ரெண்டு வாரம்தானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு தோணும். யாரும் காட்டிக் குடுக்க வேண்டியதே இல்ல, நீங்களே எழுதிக் குடுப்பீங்க. பெர்மிட் ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு, கனடாவுல எப்பவாவது அனுமதி இல்லாம வேலை பாத்திருக்கீங்களான்னு. ஆமாம்னு போட்டா விளக்கம் சொல்லணும், அந்த அண்ணனும் சிக்கல்ல மாட்டுவார். இல்லைன்னு போட்டா அது பொய்த் தகவல், பிடிபட்டா அஞ்சு வருஷம் கனடா பக்கமே வர முடியாது, பிஆரும், அதாவது இங்கயே நிரந்தரமா தங்கற அனுமதியும், கேக்க முடியாது. நீங்க ரெண்டு வருஷம் பட்ட பாட்டுக்கு மேல அந்த ஒரு டிக் மார்க் கனமா உக்காந்துடும்.

"அப்ளிகேஷன் போட்டுட்டா எங்க வேணா வேலை பாக்கலாம்"னு வேற யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க. தப்பு. பெர்மிட் முடியறதுக்கு முன்னாடி புதுசுக்குப் போட்டா, முடிவு வர்ற வரைக்கும் பழைய நிபந்தனைலயே தொடரலாம், அதாவது அதே ஓனர்கிட்ட, அதே வேலைக்கு. 2020ல வந்த ஒரு சலுகைய வச்சு சில பேர் காத்திருக்கும்போதே ஓனர் மாறினாங்க, ஆனா அதுக்கும் புது ஓனரோட முறையான ஆஃபர் வேணும், தனியா கேட்டு அனுமதி கைக்கு வரணும், தானா வராது. உங்களுக்கு ஓபன் பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் அண்ணனோட கேட்டரிங்ல ஒரு தட்டு கூடத் தூக்காதீங்க. சும்மா உதவிக்குத்தான்னு சொன்னாலும் வேண்டாம், சம்பளம் வாங்கலன்னாலும் அது வேலைன்னு பாக்க வாய்ப்பிருக்கு.

அடுத்த ஆபத்து பேப்பர்ல இருக்கற உங்க வேலைப் பேர்லயே இருக்கு. ஓனர் உங்களுக்கு சூப்பர்வைசர்னு அனுபவ லெட்டர் தரத் தயாரா இருப்பார், சண்டை முடியணும்னா அத இனாமாவே தருவார். வாங்கி பிஆருக்கு வச்சிடாதீங்க. சூப்பர்வைசர் வேலை, கனடா அரசாங்கம் வேலைங்கள தரம் பிரிச்சு வச்சிருக்கற பட்டியல்ல டீர் 2, கிச்சன் ஹெல்பர் டீர் 5. கனடா வேலை அனுபவத்த வச்சு பிஆர் கேக்கற எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்ல டீர் 0ல இருந்து 3 வரைக்கும்தான் எண்ணிக்கைல வரும், அதுவும் நெசமா அந்த வேலைய செஞ்சிருக்கணும். பாத்திரம் கழுவிட்டு சூப்பர்வைசர்னு எழுதினா, ஓனர் பண்ணின ஏமாத்து வேலைல நீங்களும் பங்காளி ஆயிடறீங்க. இன்னொன்னு, எல்எம்ஐஏ இருந்தா, பாயின்ட் போட்டு பிஆருக்கு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரில பாயின்ட் வரும்னு சொல்லித்தானே அந்த 10 ஆயிரத்தக் கேக்கறாங்க? 2025 மார்ச் 25ல இருந்து ஜாப் ஆஃபருக்குப் பாயின்டே கிடையாது. அதோட, எல்எம்ஐஏ செலவ தொழிலாளி தலைல கட்டறதே சட்டவிரோதம். ஒரு டாலர் கூடக் குடுக்காதீங்க.

கன்சல்டன்ட்னு யாராவது "ரெஃப்யூஜி கேஸ் போட்டுடு, ஓபன் பெர்மிட் ஈசியா வரும்"னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க. ஊர்ல உயிருக்கு ஆபத்து இல்லாதவங்க அதப் போடக் கூடாது. போடும்போதே நிபந்தனையோட ஒரு வெளியேற்ற உத்தரவும் சேந்து வரும், கேஸ் தோத்தா அது உயிர் பெத்துடும். நெசமான அகதிங்களோட கேஸையும் இது கெடுக்குது, அதனால எனக்கு இதுல கோவமே உண்டு.

இப்ப பணம். 18 லட்சத்தப் பத்தி நேராவே சொல்றேன், மனச தயார் பண்ணிக்கோங்க. ரசீது இல்ல, பாதி கேஷ், பாதி ஏஜென்டோட மச்சான் அக்கவுன்ட். இந்தியாவுல பதிவு பண்ணின ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்றது 30 ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதனால சென்னைல இருக்கற குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துல புகார் குடுக்கலாம், குடுங்க, ஆனா அத நம்பி இங்க ஒரு முடிவும் எடுக்காதீங்க. இங்க ஒன்டாரியோ மாகாணத்துல கதை வேற. 2009ம் வருஷத்து வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி வேலைக்காக உங்ககிட்ட காசு வாங்கறது தப்பு, மூன்றரை வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம். சம்பளப் பாக்கிக்கும் வாரம் 44 மணிக்கு மேல பாத்த ஓவர்டைமுக்கும் ரெண்டு வருஷம். தொழிலாளர் அமைச்சகத்துல புகாரா, கோர்ட்டான்னு ஒன்னத்தான் தேர்ந்தெடுக்கணும், ரெண்டுலயும் ஒரே பாக்கியக் கேக்க முடியாது.

கோவத்துல நம்ம ஆளுங்க இங்கதான் வழுக்கி விழறாங்க. என்கிட்ட வந்த ஒருத்தர், நியாயம் முழுக்க அவர் பக்கம், ராத்திரி ஒரு மணிக்கு ஓனருக்கு வாட்ஸாப்ல வாய்ஸ் அனுப்பிட்டார், "25 ஆயிரம் போடு, இல்லன்னா இமிக்ரேஷன்ல சொல்லி கடைய மூட வைப்பேன்"னு. பதினோரு செகண்ட் வாய்ஸ். ஓனர் அத எடுத்துக்கிட்டு நேரா போலீஸுக்குப் போயிட்டார், மிரட்டிப் பணம் பறிக்கிறார்னு. பாதிக்கப்பட்டவர் வக்கீல் வச்சுத் தன்னைக் காப்பாத்திக்க வேண்டிய நிலை. கேஸ் போடுவேன்னு சொல்றது வேற, காசு தந்தா புகார் குடுக்க மாட்டேன்னு சொல்றது வேற. ரெண்டாவத எந்த ரூபத்துலயும் சொல்லாதீங்க, உங்க ஃப்ரெண்ட் மூலமாவும் சொல்லி விடாதீங்க.

சமாதானம் வேண்டாம்னு நான் சொல்லல. சொல்லப் போனா அதத்தான் சொல்றேன். ஓனர் லாயர் மூலமா ஒரு 10, 12 ஆயிரம் டாலர் குடுத்து முடிச்சுக்கலாம்னா வாங்கிட்டு வெளிய வாங்க. முழுசா வாங்கியே தீருவேன்னு ரெண்டு வருஷம் சண்டை போட்டு, கடைசில கடைய மச்சினி பேருக்கு மாத்திட்டு ஓனர் கைய விரிச்சத நான் பாத்திருக்கேன். அவர ஜெயில்ல பாக்கணும்ங்கற ஆசைய விட்டுடுங்க, அது உங்க கைல இல்ல. ஆனா வரிசை மாறக் கூடாது. முதல்ல ஓபன் பெர்மிட் விண்ணப்பம் போய்ச் சேரணும், அப்புறம்தான் பேச்சுவார்த்தை. ஏன்னா செட்டில்மென்ட்னு ஓனர் நீட்டற பேப்பர்ல "எனக்கு இங்க எந்தத் துன்புறுத்தலும் நடக்கல, சம்பளம் முழுசா வாங்கிட்டேன், நானாத்தான் வேலைய விட்டேன்"னு ஒரு வரி இருக்கும். அதுல கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வாரம் துன்புறுத்தப்பட்டேன்னு விண்ணப்பிச்சா அதிகாரி எத நம்புவார்? புகார் குடுக்க மாட்டேன், அரசாங்கம் கேட்டா பேச மாட்டேன்னு எழுதச் சொன்னாலும் போடக் கூடாது. லாயர் பாக்காம ஒரு பேப்பர்லயும் கையெழுத்து வேண்டாம், ஓனர் அழுதாலும் சரி.

ஆதாரத்துக்கு அலைய வேண்டாம், உங்க பேங்க் ஸ்டேட்மென்டே பேசும். வெள்ளிக்கிழமை சம்பளம் உள்ள, திங்கக்கிழமை 600 வெளிய, மறுபடி வெள்ளி உள்ள, திங்கள் 600 வெளிய, இருபது தடவை அதே தொகை அதே ஏடிஎம். அத ஒரு மஞ்சள் பேனாவால கோடு போட்டா எந்த அதிகாரிக்கும் புரியும். "நாளைக்கு அத எடுத்துட்டு வா"ன்னு ஓனர் அனுப்பின மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேற எடத்துல சேத்து வைங்க, போன் தொலைஞ்சா எல்லாம் போச்சு. நெசமா எத்தன மணிக்குப் போனீங்க வந்தீங்கன்னு இன்னிக்கே ஒரு நோட்ல எழுத ஆரம்பிங்க, டிடிசி பஸ் கார்டோட பயணக் கணக்கு இருந்தா அதையும் எடுங்க.

கோயில் அண்ணனுக்கு உங்க மேல அக்கறை இருக்கு, அத வீணாக்காதீங்க, வேற மாதிரி கேளுங்க. ரெண்டு மாசம் வாடகை இல்லாம ஒரு ரூம் குடுக்கச் சொல்லுங்க. நீங்க ஓஞ்சு போய் வந்து சொன்னதக் கேட்டவர், அத ஒரு லெட்டரா எழுதித் தரச் சொல்லுங்க, அது ஆதாரம். தெற்காசியர்களுக்கான லீகல் கிளினிக்கோ தொழிலாளர் உதவி மையமோ டொரன்டோவுல இருக்கு, வருமானம் கம்மியா இருந்தா இலவசம், அங்க கார்ல கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அரசாங்கக் காசுல நடக்கற குடியேறினவங்களுக்கான சர்வீஸ்ல பெரும்பாலானது பிஆர் வந்தவங்களுக்குத்தான், பெர்மிட்ல இருக்கறவங்கள அங்க திருப்பி அனுப்பிடறாங்க, அதனாலதான் இந்த மாதிரி ஆளுங்க உதவி பெருசு.

ஓபன் பெர்மிட் வந்ததும் அதே அண்ணன் கேட்டரிங்ல முறையா சேருங்க, பேரோல்ல, வருஷச் சம்பளக் கணக்கக் காட்டற டி4 சீட்டு வர்ற மாதிரி, நெசமாவே சமையல்காரரா. குக் வேலை டீர் 3, ஒரு வருஷம் முழுநேரம், 1560 மணி நேரம் பாத்தா எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் கதவு திறக்கும். அந்தப் பெர்மிட்ட வழக்கமா நீட்டிக்க மாட்டாங்க, ஒரு வருஷம் சட்டுனு ஓடிடும், அதனால இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு இப்பவே படிக்க ஆரம்பிங்க.

இந்த வெள்ளிக்கிழமை சம்பளம் விழறதுக்குள்ள ஒரு கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க. போகும்போது பெர்மிட், பாஸ்போர்ட், எல்லா பே ஸ்டப்பும், ஆரம்பத்துல இருந்து பேங்க் ஸ்டேட்மென்டும் எடுத்துட்டுப் போங்க. ஓனர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்.