பழைய கணினியில் கேஷ் வேகத்தைக் கூட்டியது யாருக்கு லாபம்?

கேள்வி: என்னிடம் கோர் ஐ7-4790கே பிராசஸரும் இசட்97 மதர்போர்டும் கொண்ட பழைய மேசைக் கணினி உள்ளது. ரேம் எட்டு ஜிபி, ஒரே குச்சி. அண்மையில் ஒரு கடையில் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓவர்கிளாக் செய்து (அதாவது, நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓடவைத்து) கொடுத்தார்கள். கணக்கிடும் பகுதியான கோரின் வேகத்தை 4.6 கிகாஹெர்ட்ஸாக்கி, “கேஷும் அதே வேகத்தில் ஓடினால்தான் முழுப் பலன்” என்று சொல்லி அதையும் 4.6 ஆக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் பெரிய வேலை எதுவும் நடக்காத நேரத்தில், கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. கடையில் கேட்டால் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேஷ் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். முதலில் பயாஸுக்குள், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் சென்று, அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் கேஷ் விகிதத்தை 46இலிருந்து 40க்கு (4.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.0க்கு) இறக்குங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கோளாறு அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைக்காரர் சொன்ன விதி முழுப் பொய்யன்று, காலாவதியான உண்மை. இன்டெல் பிராசஸர் தலைமுறைகளில் 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜிலும் அதற்கு அடுத்த ஐவி பிரிட்ஜிலும் கடைசி, அதாவது மூன்றாம் நிலைக் கேஷ் கோரின் வேகத்திலேயே ஓடியது. கோரை உயர்த்தினால் கேஷும் தானாக உயர்ந்தது. 2013இல் ஹாஸ்வெல் வந்தபோது இன்டெல் அந்த இரண்டையும் பிரித்துத் தனித்தனி விகிதமும் தனித்தனி மின்னழுத்தமும் கொடுத்துவிட்டது. உங்கள் 4790கே அந்த ஹாஸ்வெல் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிந்துவிட்ட இரண்டையும் மீண்டும் சமமாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

ஒரு கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு சமையற்காரர்கள் நான்கு கோர்கள். ஒவ்வொருவர் கைக்கருகிலும் இருக்கும் அஞ்சறைப்பெட்டிதான் முதல், இரண்டாம் நிலைக் கேஷ். இது கோரோடு சேர்ந்து ஏற்கெனவே 4.6க்கு வந்துவிட்டது. நால்வருக்கும் பொதுவான உக்கிராண அறைதான் எட்டு எம்பி மூன்றாம் நிலைக் கேஷ். கடைக்காரர் வேகப்படுத்தியது அந்த அறையிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆளை மட்டுமே. அஞ்சறைப்பெட்டியில் இல்லாத பொருளுக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள் என்பதால், அவரை 15 சதவீதம் வேகமாக ஓடவைத்தாலும் பந்தி 15 சதவீதம் முன்னதாகத் தொடங்கிவிடாது. ஆனால் ஓடுகிற அவசரத்தில் அவர் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொடுத்தால் பாயசமே கெட்டுவிடும்.

“பத்து நிமிடம் சோதித்துத்தானே கொடுத்தார்கள்” என்று நீங்கள் நினைக்கலாம். எதைக் கொண்டு சோதித்தார்கள் என்பதே இங்கு முக்கியம். பிராசஸரைக் கடுமையாக வேலைவாங்கிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளில் ‘ஸ்மாலஸ்ட்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், அதன் தரவு முழுவதும் அஞ்சறைப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். கோர் கொதிக்கும், வெப்ப எண் பயமுறுத்தும், வாடிக்கையாளரும் அசந்துபோவார், ஆனால் உக்கிராண அறைக் கதவை யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். கேஷின் உறுதியைப் பார்க்க ‘பிளெண்ட்’ வகைச் சோதனையை மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். அதற்குக் கடையில் நேரம் கிடையாது. மேலும், கேஷின் தடுமாற்றம் கடும் வேலையின்போதுதான் வெளிப்படும் என்றும் இல்லை. சும்மா இருக்கும் கணினி சட்டென்று விழித்து வேலைக்குத் திரும்பும் கணத்திலும் அது தலைகாட்டும்.

சரிபார்ப்பது எளிது. விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவில் ‘டபிள்யூஹெச்இஏ லாகர்’ என்ற பெயரில் 19 என்ற எண்ணுள்ள மஞ்சள் முக்கோண எச்சரிக்கைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிராசஸர் தானாகவே திருத்திக்கொண்ட பிழைகள் அங்கேதான் பதிவாகும். ஓவர்கிளாக் செய்த நாளுக்கு முன்பு ஒன்றும் இல்லாமல், அதற்குப் பிறகு வரிசையாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் என்ன செய்தார் என்பதற்கு அதுவே ஆதாரம். அடுத்துக் கேஷ் விகிதத்தைத் தேடுங்கள். ‘தேடுங்கள்’ என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே அமைப்பை ஏசுஸ் ‘சிபியு கேஷ்’ என்கிறது, கிகாபைட் ‘அன்கோர்’ என்கிறது, எம்எஸ்ஐ ‘ரிங்’ என்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைப்பதற்குக்கூட இந்த நிறுவனங்களால் ஒன்றுகூட முடியவில்லை. அந்தக் குழப்பத்தில்தான் 2,000 ரூபாய் வாங்குகிறவர்கள் பிழைக்கிறார்கள். விகிதத்தை 40 ஆக்கியபின், கேஷ் மின்னழுத்தம் கையால் உயர்த்தப்பட்டிருந்தால் அதை ‘ஆட்டோ’வுக்குத் திருப்புங்கள். விகிதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு ‘ஆட்டோ’வை நம்புவது வேறு கதை, அப்போது மதர்போர்டு தன் விருப்பத்துக்கு மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். கேஷுக்கு 1.3 வோல்ட்டைத் தாண்ட நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மாற்றம் நடந்ததா என்பதைச் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் பார்க்கலாம். கடைகளில் காட்டப்படும் முதல் பக்கத்தில் கோர் வேகம் மட்டுமே இருக்கும்.

கேஷைக் கண்டுகொள்ளாமல் விட முடியாத ஒரு தலைமுறை உண்டு. அதை வைத்திருக்கும் பலர் இதே தவற்றில் விழுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2008இல் வந்த ஐ7-920, எக்ஸ்58 மதர்போர்டு உள்ளவர்களுக்கு, கேஷும், ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரும் ஓடும் அன்கோர் வேகம், ரேம் வேகத்தைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு இருந்தாக வேண்டும். ரேம் 1066இல் ஓடினால் அன்கோர் 2133 மெகாஹெர்ட்ஸ். ரேமை 1600 ஆக்கினால் அன்கோர் 3200. அதாவது, கேஷைத் தொடும் எண்ணமே இல்லாத ஒருவர், 1600 என்று அச்சிட்ட ரேமை வாங்கி அதற்குரிய வேகத்தை இயக்கினாலே, கேஷை ஒன்றரை மடங்கு ஓவர்கிளாக் செய்தவராகிவிடுகிறார். அதைத் தாங்க, அன்கோருக்குச் செல்லும் விடிடி என்ற மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கும், அதற்கு 1.35 வோல்ட்டும் ரேமுக்கு 1.65 வோல்ட்டும்தான் உச்சவரம்பு. இவர்களுடைய கணினி உறையும்போது “ரேம் போய்விட்டது” என்று சொல்லி இன்னொரு 1600 ரேமை விற்பார்கள், அதுவும் உறையும். இவர்கள் செய்ய வேண்டியது ரேமை 1066க்கோ 1333க்கோ இறக்குவதுதான்.

உங்கள் கணினிக்குத் திரும்புவோம். வேகம்தான் வேண்டுமென்றால் அந்த ஒற்றைக் குச்சி ரேமைக் கவனியுங்கள். டிடிஆர்3-1600 குச்சி ஒன்று நொடிக்கு 12.8 ஜிபி தரவைக் கொடுக்கக்கூடியது. அதே வகையில் இன்னொன்றைச் சரியான இடத்தில் செருகினால் இரு தடங்களிலும் சேர்ந்து 25.6 ஜிபி. உக்கிராணக்காரரை விரட்டுவதைவிட, மளிகைக்கடைக்கு இரண்டாவது வண்டி விடுவது மேல். கடைக்குக் கொடுத்த தொகைக்குள்ளேயே பழைய குச்சி ஒன்று கிடைத்திருக்கும். அதை விற்பதில் லாபம் குறைவு என்பதால் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்காது, விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் கணினியை, விண்டோஸ் ஏற்கும் பிராசஸர்களின் பட்டியல் ஒன்றை வைத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். இந்த நிலையில் இதற்கென்று ‘டியூனிங்’ கட்டணம் கொடுப்பது வீண்செலவு.

கேஷை 40க்கு இறக்கி ஒரு வாரம் வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். பிறகும் உறைந்தால், கோர் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பழைய நிலைக்கே கொண்டுவந்து இன்னொரு வாரம் பாருங்கள். 4790கே தயாரிப்பாளர் கணக்கிலேயே 4.4 வரை போகும், இழப்பது அதிகமில்லை. அப்போதும் உறைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அதையும் உடனே வாங்காமல், தெரிந்தவர் யாரிடமாவது இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.