பொத்தான் கடை அம்மாளும் வார்சா மேடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' என்ற 1965ஆம் ஆண்டு செக்கோஸ்லோவாகியப் படத்தைப் பற்றியும், அதில் பொத்தான் கடைக்காரக் கிழவியாக வரும் இடா காமின்ஸ்காவைப் பற்றியும் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அவருக்கே.

சேலம் வாசகர் ஒருவர்: அந்தப் பாட்டி நிஜமாகவே நடிகையா? ஏதோ ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைக் கூட்டி வந்து நடிக்க வைத்தது போல இருக்கிறதே?

உங்களை அப்படி நம்ப வைத்தவர், அந்தப் படத்துக்கு வரும்போது ஏறக்குறைய அறுபது வருடம் மேடையில் நின்று முடித்திருந்தார், ஐயா. 1899இல் ஒடெஸாவில் பிறந்தவர். அம்மா எஸ்தர் ராகேல் காமின்ஸ்கா, 'இத்திஷ் நாடகத்தின் தாய்' என்று போலந்து யூதர்கள் கொண்டாடிய நடிகை. (இத்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழி, கீழே சொல்கிறேன்.) அப்பா ஆபிரகாம் ஐசக் காமின்ஸ்கி நடிகர், இயக்குநர், சொந்தமாகக் குழு வைத்து நடத்தியவர். இடா ஐந்து வயதில் மேடையேறிவிட்டார். வளர்ந்தது போலந்துத் தலைநகர் வார்சாவில்.

நடிப்போடு நிற்கவில்லை. முதல் கணவர் சிக்முண்ட் துர்கோவுடன் சேர்ந்து 1920களில் வார்சா இத்திஷ் கலை நாடகக் குழுவைத் தொடங்கினார். நாடகங்களை இயக்கினார், பிறமொழி நாடகங்களை இத்திஷுக்குக் கொண்டுவந்தார், பின்னால் தன் பெயரிலேயே ஒரு குழு நடத்தினார். சினிமாவும் புதிதல்ல. 1924இல் எடுத்த ஒரு ஊமைப் படத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்தே நடித்திருக்கிறார்கள். 1939இல் 'ஆன் அ ஹெய்ம்' என்ற பேசும் படத்தில் இடா கதாநாயகி. போருக்கு முன் போலந்தில் வெளிவந்த கடைசி இத்திஷ் படம் அதுதான்.

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று உண்டு. 'மீரெலே எஃப்ரோஸ்' என்று யாக்கோப் கோர்டின் எழுதிய ஒரு நாடகம். சொத்தையும் தொழிலையும் கட்டிக் காத்த ஒரு விதவைத் தாய், மருமகள் வந்த பிறகு சொந்த வீட்டிலேயே வேண்டாதவளாகிப்போகும் கதை. அது எஸ்தர் ராகேலின் வேடம், ஊரே அறிந்த வேடம். 1925இல் அம்மா இறந்த பிறகு, காலப்போக்கில் மகள் அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார். சபா நாடகங்களில் பல வருடம் நடித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இன்னொருவர் நிலைநாட்டிய வேடத்தில் இறங்கும்போது முதல் வரிசையில் இருப்பவர்கள் நம் முகத்தையா பார்ப்பார்கள்? பழையவரின் முகத்தை நம் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பழையவர் பெற்ற தாயாகவும் இருந்துவிட்டால் எப்படி இருந்திருக்கும்! அந்த வேடத்தை இடா கடைசிவரை விடவில்லை. 1967இல் நியூயார்க் பிராட்வேக்குப் போனபோதும் அதைத்தான் கொண்டுபோனார், கூடவே ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தையும்.

கும்பகோணம் வாசகி: யூதர்களின் மொழி ஹீப்ரு அல்லவா? இத்திஷ் என்பது வேறா?

வேறுதான் அம்மா. ஹீப்ரு வழிபாட்டுக்கும் வேதத்துக்கும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசியது, கடையில் பேரம் பேசியது, சண்டை போட்டது, தாலாட்டியது எல்லாம் இத்திஷில். ஜெர்மன் வேரிலிருந்து வளர்ந்து, ஹீப்ருவும் ஸ்லாவிய மொழிச் சொற்களும் கலந்து, ஹீப்ரு எழுத்தில் எழுதப்படும் மொழி. போருக்கு முன் போலந்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். வார்சா நகரத்தில் மூன்றில் ஒருவர் யூதர். இத்திஷில் நாளிதழ்கள், பதிப்பகங்கள், நாடக அரங்குகள் எல்லாம் இருந்தன. இடா ஏதோ ஒரு மூலையில் சிறு கூட்டத்துக்கு நடித்தவர் இல்லை. ஒரு பெருநகரத்தின் நட்சத்திரம்.

நாகர்கோவில் வாசகர்: ஹிட்லர் படை போலந்துக்குள் வந்தபோது இவர் எப்படித் தப்பினார்?

கிழக்கே போனார். 1939இல் வார்சா வீழ்ந்த பிறகு, சோவியத் கைக்குப் போயிருந்த லுவோவ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று உக்ரைனில் இருக்கும் லுவிவ் அது. அங்கே அரசு இத்திஷ் நாடக அரங்கை நடத்தினார். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத்தையும் தாக்கியது. இரண்டாவது கணவர் மெயிர் மெல்மனோடு மறுபடி ஓட்டம். இந்த முறை மத்திய ஆசியாவுக்கு, கிர்கிஸ்தானின் ஃபுரூன்ஸேவுக்கு. இன்றைய பிஷ்கெக். அந்த வருடம்தான் மகன் விக்டர் பிறந்தான். தாய்க்கு வயது நாற்பத்திரண்டு!

போர் முடிந்தும் குடும்பத்துக்கு நிம்மதி இல்லை. மூத்த மகள் ரூத்தின் கணவர் எடி ரோஸ்னர், சோவியத் முழுக்கப் புகழ்பெற்ற ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர். போலந்துக்குத் திரும்ப முயன்றபோது 1946இல் கைதானார். அவரை சோவியத்தின் தூரக் கிழக்கில் இருந்த கொலிமா கைதி முகாமுக்கு அனுப்பினார்கள். ரூத்தையும் கைது செய்து சோவியத்துக்குள்ளேயே தொலைவான ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இடா மகள் இல்லாமலேயே போலந்து திரும்பினார்.

புதுச்சேரியிலிருந்து ஒரு நாடகப் பள்ளி மாணவர்: பார்க்க ஆளே இல்லாத மொழியில் திரும்பப் போய் எதற்கு நாடகம் போட வேண்டும்? போலிஷ் தெரிந்தவர்தானே, போலிஷ் மேடைக்குப் போயிருக்கலாமே?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் முழுப் பக்கத்தையும் இவருக்குக் கொடுத்தேன்.

போலந்தின் யூதர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு நடிகைக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார். அரங்கு எரிந்தால் வேறு அரங்கு கட்டலாம். குழு கலைந்தால் ஆள் சேர்க்கலாம். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த வசனத்தில் மூச்சை அடக்குவார்கள் என்று இவர் சிறு வயதிலிருந்து பழகிய அந்தக் கூட்டம் போய்விட்டது. எஸ்தர் ராகேலை நேரில் பார்த்தவர்கள், பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள், அந்தப் பிள்ளைகள், எல்லோரும்.

மிஞ்சியவர்கள் லோட்ஸ், விரோட்ஸ்வாஃப் போன்ற நகரங்களில் சிதறி இருந்தார்கள். இடா அங்கேதான் தொடங்கினார். பிறகு அது அரசு யூத நாடக அரங்கு ஆயிற்று. அம்மாவின் பெயரை அதற்கு வைத்தார். 1955இல் வார்சாவுக்கு வந்தார்கள். மிஞ்சிய யூதர்களும் அலை அலையாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தில் இத்திஷ் தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்கு ஹெட்போன் கொடுத்து போலிஷ் மொழிபெயர்ப்பு ஓடவிட்டார்கள். இத்திஷ் தெரிந்தவன் சிரித்த பிறகு, ஒரு நொடி தாமதமாக ஹெட்போன்காரன் சிரிப்பான். ஒரு நகைச்சுவை வசனத்துக்கு இரண்டு சிரிப்பு! அதற்கும் இடம் விட்டு அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். மேடையில் நின்றவர்களுக்கு அது எத்தனை கஷ்டம் என்று தெரியும்.

போலிஷ் மேடைக்குப் போயிருந்தால் அவருக்கு வேடங்கள் கிடைத்திருக்கும். இத்திஷ் மேடைக்கு இடா கிடைத்திருக்க மாட்டார். நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் வாசகி: படத்தில் அவர் நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்? ஆஸ்கர் கிடைத்ததா?

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1942, ஹிட்லருக்கு அடிபணிந்த ஸ்லோவாக்கியா. யூதர்களின் கடைகளை 'ஆரியர்' கையில், அதாவது யூதர் அல்லாதவர் கையில், ஒப்படைக்கிறார்கள். தோனோ என்ற ஏழைத் தச்சனுக்கு ஒரு பொத்தான் கடை வருகிறது. போய்ப் பார்த்தால் கடை எப்போதோ திவால். சொந்தக்காரி ரோசாலியா லவுட்மன் காது கேட்காத கிழவி, யூத சமூகத்தார் கொடுக்கும் உதவியில் காலம் தள்ளுகிறவர். வந்தவன் தன் கடையைப் பிடுங்க வந்தவன் என்பது அவருக்குப் புரியவே இல்லை. ஒத்தாசைக்கு வந்த பையன் என்று நினைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறார், இறந்த கணவரின் கோட்டை எடுத்துக் கொடுக்கிறார்.

கவனிக்க வேண்டியது அந்தக் காது கேளாமையை. நான் இருபது வயதில் கிழவி வேடம் போட்டபோது எனக்குச் சொல்லிக் கொடுத்தது, முதுகை வளை, குரலை நடுக்கு, 'என்னது, என்னது' என்று கையைக் காதில் வை. இடா இதில் ஒன்றையும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொள்கிறார். முடிவு செய்ததும் முகம் தெளிகிறது. அந்தத் தெளிவோடு சம்பந்தமே இல்லாத ஒரு பதிலைச் சொல்கிறார். நாம் சிரிக்கிறோம். ஆனால் ஊரில் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகும் நாள் நெருங்க நெருங்க, அதே தெளிந்த முகம் நம்மைப் பயப்பட வைக்கிறது. இவருக்கு எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று தோனோவோடு நாமும் தவிக்கிறோம். கடைசியில் சதுக்கத்தைப் பார்த்து அவருக்கு விளங்கும் நொடி ஒன்று வருகிறது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

தோனோவாக வரும் யோசெஃப் க்ரோனரையும் விட்டுவிடாதீர்கள். அவர் இல்லாமல் இவர் இல்லை. கான் திரைப்பட விழாவில் இருவரையும் சேர்த்தே சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். இரண்டு இயக்குநர்களில் ஒருவரான யான் காதாரின் பெற்றோரும் தங்கையும் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் கொல்லப்பட்டவர்கள். 1942இல் மட்டும் ஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 58,000 யூதர்களை அப்படிப்பட்ட முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள்.

சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் 1966 விழாவில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. இடாவின் பெயர் அடுத்த வருடம் சிறந்த நடிகைக்கான பட்டியலில் வந்தது, அப்போது அவருக்கு 67 வயது. விருது எலிசபெத் டெய்லருக்குப் போயிற்று. டெய்லரும் நன்றாகத்தான் நடித்திருந்தார். என் ஓட்டு இடாவுக்கு.

வேலூர் வாசகர்: அவ்வளவு பேரும் புகழும் வந்த பிறகு ஏன் போலந்தை விட்டுப் போனார்?

போகும்படி செய்தார்கள். 1967இல் அரபு–இஸ்ரேல் போர் முடிந்ததும் போலந்து அரசு இஸ்ரேலோடு உறவை முறித்தது. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கொமூல்கா சொந்த நாட்டு யூதர்களையே சந்தேகப்பட்டுப் பேசினார். 1968 ஜனவரியில் வார்சா தேசிய நாடக அரங்கில் போலந்தின் பெருங்கவிஞர் மித்ஸ்கியேவிச்சின் ஒரு நாடகத்தைத் தடை செய்தார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அந்தக் கோபத்தையும் அரசு யூதர்கள் பக்கமே திருப்பிவிட்டது. வேலை போயிற்று, கட்சி உறுப்பினர் பதவி போயிற்று. 13,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். 'இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல' என்று எழுதிய ஒரு பயணத் தாள், அவ்வளவுதான் கையில். இடா 1968 ஆகஸ்டில் போனார், முதலில் இஸ்ரேலுக்கு, பிறகு நியூயார்க்குக்கு.

வார்சாவில் அவருடைய அரங்குக்காகக் கட்டிய புதிய கட்டடம் அவர் போன பிறகு, 1970இல் திறந்தது. எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மதுரை வாசகி: நம் நாட்டு சினிமாவில் யூத நடிகைகள் இருந்திருக்கிறார்களா?

இருந்தார்கள், அதுவும் முன்வரிசையில். ஊமைப் பட காலத்து நட்சத்திரம் சுலோசனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர். கல்கத்தாவின் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் பிரமிளா என்ற பெயரில் நடித்தார், 1947இல் முதல் மிஸ் இந்தியாவும் அவரே. ராஜ் கபூரின் 'ஸ்ரீ 420' படத்தில் வரும் நாதிராவும் யூதர். இவர்களுக்குத் தனியாக ஒரு இதழ் ஒதுக்க வேண்டும், ஒதுக்குகிறேன்.

திருநெல்வேலி வாசகர்: அமெரிக்காவில் என்ன செய்தார்? படத்தை வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாமா?

நியூயார்க்கில் நிரந்தரமாக ஒரு இத்திஷ் நாடக அரங்கை நிறுவ முயன்றார், அது நிலைக்கவில்லை. 1970இல் அதே யான் காதாரின் இயக்கத்தில் 'தி ஏஞ்சல் லெவின்' என்ற அமெரிக்கப் படத்தில் நடித்தார். 1973இல் சுயசரிதை வெளிவந்தது. 1980 மே மாதம் நியூயார்க்கில் காலமானார். வார்சா அரங்கு இப்போது தாய், மகள் இருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

படம் கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரத்தம் கிடையாது, ஆனாலும் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், முடிவு தாங்காது. முதல் பாதி மெதுவாக, சிரிப்பாகப் போகும், அப்போது எழுந்துவிடாதீர்கள். சப்டைட்டில் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கதையை முன்கூட்டியே பாதி சொல்லிவிட்டு உட்கார வையுங்கள். இடாவின் காட்சிகளுக்கு அதற்கு மேல் உதவி தேவைப்படாது.