இலக்கணத்தில் முழு மதிப்பெண், சொந்தமாக எழுதினால் தடுமாற்றம்: என்ன செய்வது?

ஒன்பதாம் வகுப்பு மகளைப் பற்றி ஒரு அம்மா கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் முழு மதிப்பெண் வாங்குகிறாளாம், சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் டென்ஸ், அதாவது வினை காட்டும் காலம், கண்டபடி மாறுகிறதாம். இருநூறு இடியம்களையும் (மரபுத்தொடர்களையும்) முப்பது மாதிரிக் கட்டுரைகளையும் மனப்பாடம் செய்யவைத்து ஒரே மாதத்தில் சரியாக்குவதாக ஒரு பயிற்சி மையத்தின் ஆள் சொல்கிறார், சேர்க்கலாமா என்பது கேள்வி.

சேர்க்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு இலக்கணம் தெரியும். கோடிட்ட இடத்தில் வினைச்சொல்லைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள், எஸ்டர்டே என்ற சொல்லும் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கிறது. சொந்தமாக எழுதும்போது எந்தச் சொல், எந்தக் காலம், வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவளே பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்குப் பயிற்சியே தராமல் முதல் வேலைக்கு மட்டும் வருடக்கணக்கில் மதிப்பெண் போட்டால் பிள்ளை என்ன செய்யும்? திருத்த எளிதானதைத்தான் பல தேர்வுகளில் கேட்கிறார்கள். அறுபது நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்காரும் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் யாரும் படிக்காத பத்தி எப்படித் திருந்தும்?

டென்ஸ் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் போனாள்' என்கிறோம். நாளைக்கு என்றால் 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுப் போவாள்'. மாறுவது கடைசி வினை மட்டும்தான், முன்னால் இருப்பவை எச்சங்கள், அப்படியே நிற்கும். அதே பழக்கத்தில் பிள்ளை 'ஷி வோக் அப், டேக் எ பாத், ஈட் அண்ட் வென்ட்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் இப்படி வரிசையாகச் சொல்லும்போது எல்லா வினையும் காலம் காட்ட வேண்டும்: வோக், டுக், ஏட், வென்ட்.

அதனால் தினமும் ஐந்து வரி எழுதட்டும். முடித்ததும் பென்சிலால் வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் நேற்று நடந்ததா இன்று நடப்பதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பெல்லிங் தப்பு கண்ணில் பட்டாலும் அந்த வாரம் விட்டுவிடுங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு தப்புதான்.

அடுத்த வாரம் வினையின் கடைசியில் சேரும் ஐஎன்ஜி. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தவறு, 'ஐ ஹேவ்' போதும், ஏனென்றால் அண்ணன் தம்பி இருப்பது செயல் இல்லை, நிலை. ஆனால் 'ஷி இஸ் ஹேவிங் லஞ்ச்' சரி, அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது செயல். திங்க் கூட இப்படித்தான்: என் கருத்து இது என்றால் 'ஐ திங்க்', யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றால் 'ஐ ஆம் திங்கிங்'. ஹேவிங் என்று கண்டாலே தப்பென்று அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், சரியாக எழுதிய பிள்ளையும் அதோடு குழம்பிப்போகிறது. செயலா நிலையா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அப்புறம் உவமை. லைக், ஆஸ் வந்தால் சிமிலி, நம் 'போல' மாதிரி. அவை இல்லாமல் இதுவே அது என்றால் மெட்டஃபர், நம் உருவகம். மலர்முகம் (மலர் போன்ற முகம்), முகமலர் (முகமாகிய மலர்) வித்தியாசம் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதே இல்லை. வினை, பயன், வடிவம், நிறம் என்ற நான்கில் எதனால் ஒப்பிடுகிறோம் என்று தொல்காப்பியம் கேட்கிறது, உங்கள் மகளிடமும் அதையே கேளுங்கள். 'பிரேவ் ஆஸ் எ லயன்' எல்லோரும் எழுதுவது. மாடிப்படியில் பாட்டி இறங்குவது எதைப் போல இருந்தது என்று அவளே பார்த்து எழுதும் ஒரு வரி, மனப்பாட இடியம் இருநூறையும்விட மேல். பொருந்தாத இடத்தில் செருகிய இடியம் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்யும்.

அந்த ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படி வருகிறவர்களில் பலருக்குச் சேர்க்கைக்கு இவ்வளவு என்று கமிஷன், உங்கள் மகளின் நோட்டை அவர் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மாதிரிக் கட்டுரையை ஒப்பித்து எழுதியதைத்தான் முன்னேற்றம் என்று காட்டுவார்கள், தலைப்பு கொஞ்சம் மாறினால் பிள்ளை வெறும் தாளோடு உட்கார்ந்திருக்கும். எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாரத்தில் எத்தனை முறை என் மகள் சொந்தமாக எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவீர்கள்? ஓர் எண்ணைச் சொல்லி, வேறொரு மாணவர் எழுதி அவர்கள் திருத்திக் கொடுத்த பழைய தாளையும் பெயரை மறைத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். முன்பணம் கட்டிவிட்டிருந்தால் வகுப்பு தொடங்கும் முன்பே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசியதோடு நிறுத்தாதீர்கள்.