எந்த லூஸ்?

வணக்கம் சார். கருங்கல் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். கோட்டயம் பார்ட்டிக்கு மெயில் போடுவதும் நான்தான். ஷீட் காயக் காய எடை இழக்கும் என்று எழுதப்போய் லூஸில் இரண்டு ஓ போட்டுவிட்டேன், கேலியாகப் பதில் வந்தது. அட்வைஸ், அஃபெக்ட் எல்லாவற்றிலும் இதே கதைதான். குழப்பும் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்து பார்த்தேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம். நல்ல பட்டியல் ஒன்று தருவீர்களா?
வாசகி, கருங்கல்

வணக்கம்.

தரமாட்டேன். உங்களைக் குழப்பியதே பட்டியல்தான். ஒரே மாதிரி இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும், எது எதற்கு என்பது மட்டும் வராது. ஒன்றை மட்டும் உங்கள் மெயிலில் வருகிற வாக்கியத்தோடு பழகுங்கள், அது கைக்கு வந்தபிறகு மற்றது.

லூஸுக்கு வருவோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, நம் வாயிலும் ஒன்று, கோளாறு அங்கேதான். கட்டு தளர்ந்த லூஸ், ஜூஸ் மாதிரி முடியும். எடை இழக்கிற லூஸை எஸ் போட்டு எழுதினாலும் ஒலி இசட். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள் (ஆபீசில் ஆள் இல்லாதபோது), ஜூஸின் கடைசியில் தொண்டை சும்மா இருக்கும், இசட்டுக்கு அதிரும். அதிர்ந்தால் ஒரு ஓ. சரி, தேர்ந்தெடுப்பதற்குச் சொல்கிற சூஸும் அதிருமே, அதற்கு ஏன் இரண்டு ஓ என்று கேட்டால், ஆங்கில ஸ்பெல்லிங்கிடம் நியாயம் பேச முடியாது. ஆங்கிலமே தாய்மொழியானவர்கள்கூட இந்த லூஸில் தவறுவதுண்டு. கோட்டயத்துக்காரரிடம் இதைச் சொல்லலாம்தான், ஆனால் கஸ்டமர் ஆயிற்றே.

அட்வைஸுக்கும் இதே தொண்டை வைத்தியம் பலிக்கும். பேங்கிலிருந்து வரும் பேமென்ட் அட்வைஸ் பெயர்ச்சொல், அதிராது, சி. தகவல் சொல்லுங்கள் என்று கேட்க எழுதுவது வினை, அதிரும், எஸ். பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் காது உதவாது. பிரிட்டிஷ் வழக்கில் பெயருக்குக் கடைசியில் சி, வினைக்கு எஸ். அமெரிக்கர்கள் பிராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ் என்று முடித்துக்கொண்டார்கள். நம் டிரைவிங் லைசென்ஸ் கார்டில் இருப்பது சி, எடுத்துப் பாருங்கள்.

மழை ரப்பர் மரத்தின் பால்வெட்டை அஃபெக்ட் பண்ணும், வினை, ஏ. மரத்தில் ரெயின் கார்டு (வெட்டிய இடத்தில் மழை படாமல் காக்கும் மறைப்பு) ஒட்டினால் மழையின் எஃபெக்ட் குறையும், பெயர், இ. விதிவிலக்குகள் உண்டு, உங்கள் மெயிலில் வராது, விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. நம் ஊர்க் கடை போர்டுகளில் ஸ்டேஷனரிக்கு கடைசி ஆருக்கு முன்னால் ஏ போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி எழுதினால் நகராமல் நிற்கிறது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால் வேர் ஒன்றுதான். அந்தக் கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் ஸ்டேஷனர். அதனால் போர்டு எழுதிய பெயின்டரை நான் திட்டமாட்டேன். நீங்கள் பேனா, பேப்பர் வாங்க மெயில் போடும்போது மட்டும் அந்த இடத்தில் இ போட்டுவிடுங்கள்.